ஆந்தை போட்ட வெள்ளிக் காசு: ஆய்க்குடிக் கூட்டத்தில் வந்த ஒரு கேள்வி



2025 ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரம். ஆய்க்குடியில் ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, உள்கடன் தவணைகளை ஊக்குநர் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு உறுப்பினர் முந்தானை முடிச்சை அவிழ்த்து வட்டமான ஒரு கண்ணாடி மாதிரி டப்பாவை எடுத்து நடுவில் வைத்தார். உள்ளே பளபளவென்று ஒரு வெள்ளிக் காசு.

எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்து ராணியின் தலை. இன்னொரு பக்கம் முழித்துப் பார்க்கும் ஆந்தை. "ஐயய்யோ, ஆந்தையா? இத எதுக்குக்கா வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க?" என்று ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்துவிட்டது. வடநாட்டில் லட்சுமிக்கு ஆந்தைதான் வாகனம் என்று நாங்கள் சொன்னோம். யாரும் சமாதானம் ஆகவில்லை.

காசில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நம் குழுவில் பிளஸ் டூ படித்த பெண் வாசித்தார். நியுவே. ரெண்டு டாலர். ஒரு அவுன்ஸ் வெள்ளி. 999.

"ஏக்கா, ரெண்டு டாலர்னு போட்டிருக்கே. பேங்குல குடுத்தா நம்ம பணம் எவ்வளவு கிடைக்கும்?"

"அரசாங்கமே அடிச்ச காசுதான? அப்ப பொய்யா இருக்காதுல்ல?"

இந்த இரண்டு கேள்விக்கும் அன்றைக்கு எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதோடு நின்றிருந்தால் விட்டிருப்போம். ஆனால் விசாரித்தபோது விஷயம் பெரிதாக இருந்தது. அந்த உறுப்பினர் இந்தக் காசை 9,500 ரூபாய் கொடுத்து, தூரத்து உறவுக்காரப் பெண் ஒருவரிடம் வாங்கியிருக்கிறார். பணம்? ஆடு வாங்க என்று சொல்லி நம் குழுவில் எடுத்த உள்கடன். அவருக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் ஆளுக்கு 1,500 ரூபாய் அவருக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். குழுவில் இன்னும் மூன்று பேர் அதே காசுக்காக உள்கடன் கேட்டு அன்றைக்கே தீர்மானம் எழுதத் தயாராக இருந்தார்கள். பகல் முழுக்க பீடி சுற்றி, களை பறித்து, நூறும் இருநூறுமாகச் சேர்த்த சேமிப்பு அது.

"ஒரு வாரம் பொறுங்க, விசாரிச்சுட்டு வாறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்த ஒரு வாரத்திலும் அதன் பிறகும் நாங்கள் தெரிந்துகொண்டதை எல்லாக் குழுக்களுக்கும் சொல்ல வேண்டும் என்று கூட்டமைப்பில் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறோம். காசு வாங்கிய உறுப்பினர், "எழுதுங்க, எம் பேர மட்டும் போட்ராதீங்க" என்றார்.

நியுவே எங்கே இருக்கிறது?

பசிபிக் பெருங்கடலில், நியூசிலாந்துக்கு வடகிழக்கே, தனியாகக் கிடக்கும் பவளப்பாறைத் தீவு. 260 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஜனத்தொகை 2,000 பேர்கூட இல்லை. நம் ஆய்க்குடி பேரூராட்சியில் இருக்கிறவர்களில் நாலில் ஒரு பங்குகூட வராது. 1974 முதல் நியூசிலாந்தோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டு தன்னைத்தானே ஆண்டு வருகிறது. அங்கே கடையில் புழங்குவது நியூசிலாந்து டாலர்தான். இந்த ஆந்தைக் காசைக் கொடுத்து அங்கே யாரும் மீன் வாங்குவதில்லை.

அப்படியென்றால் அவ்வளவு சின்னத் தீவு வெள்ளிக் காசு எதற்கு அடிக்கிறது? அங்கேதான் விஷயம். தீவில் காசு அடிக்கிற ஆலையே கிடையாது. நியூசிலாந்திலும் ஐரோப்பாவிலும் இருக்கிற நாணய ஆலைகளும் வியாபாரிகளும் தீவு அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, அதன் பெயரைப் போட்டு அடித்து உலகம் முழுக்க விற்கிறார்கள். பெயர் கொடுத்ததற்காகத் தீவுக்கு ஒரு தொகை வருகிறது. செக் நாட்டு நாணய ஆலைகூட நியுவே பெயரில் காசு அடிக்கிறது. செக் நாடு எங்கே, பசிபிக் தீவு எங்கே?

நம் ஊரில் சிலர் டாக்ஸி பெர்மிட்டைத் தன் பேரில் வைத்துக்கொண்டு, வண்டியை வேறு ஆள் ஓட்டி மாதா மாதம் தொகை கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அப்படித்தான். நியுவே மட்டும் இல்லை. குக் தீவுகள், துவாலு, தோகெலாவ், பிஜி, சாலமன் தீவுகள் என்று பல தீவுகளின் பெயரில் வெள்ளிக் காசுகள் வருகின்றன. துவாலு காசுகளை ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணய ஆலை அடிக்கிறது. அந்தத் துவாலு 1978ல் சுதந்திரம் பெற்ற நாடு. ஒன்பது தீவுகளும் சேர்ந்து 26 சதுர கிலோமீட்டர்தான். கடல் மட்டம் உயர்ந்து மூழ்கிவிடுமோ என்று பயந்துகொண்டிருக்கும் நாடு. விவசாயம் பெரிதாக இல்லை, தொழிற்சாலை இல்லை. மீன்பிடி உரிமை, தபால்தலை, காசு என்று கையில் இருப்பதை வைத்து வருமானம் தேடுகிறார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சட்டப்படி செய்கிற காரியம்தான்.

காசில் போடுகிற உருவமும் தீவுக்குச் சம்பந்தம் இல்லாததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நம் உறுப்பினரின் ஆந்தை, 2,400 வருஷத்துக்கு முன்னால் கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தின் வெள்ளிக் காசில் இருந்த ஆந்தையைப் பார்த்துச் செய்தது. சினிமா கதாபாத்திரம், கார்ட்டூன் எலி, எல்லாம் நியுவே காசில் வந்திருக்கிறது. நம்மூர் லட்சுமி உருவத்தோடும் தீபாவளிக்காக வந்திருக்கிறது. யார் வாங்குவார்களோ அவர்களுக்குப் பிடித்த படம்.

ஒரு காசுக்கு மூன்று விலை

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ரெண்டு டாலரை மாற்றினால் எவ்வளவு?

காசின் மேல் எழுதியிருக்கும் மதிப்பு ரெண்டு நியூசிலாந்து டாலர். நம் பணத்தில் சுமார் 100 ரூபாய். அதையும் இங்கே மாற்ற முடியாது. பணம் மாற்றும் இடங்களில் வெளிநாட்டு நோட்டைத்தான் வாங்குவார்கள், சில்லறைக் காசை வாங்குவதில்லை. ஆக அந்த மதிப்பு பெயருக்குத்தான். அரசாங்கக் காசு என்ற தகுதி கிடைப்பதற்காக ஏதோ ஒரு எண் போட வேண்டும், போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் வெள்ளியின் விலை. இதற்கு அவுன்ஸ் கணக்குத் தெரிய வேண்டும். இருமல் மருந்தில் சொல்கிற அவுன்ஸ் வேறு, இது வேறு. சாதாரண நிறுவை அவுன்ஸ் 28.35 கிராம். தங்கம், வெள்ளிக்கு உள்ள அவுன்ஸ் 31.1 கிராம். 999 என்றால் ஆயிரத்தில் 999 பங்கு சுத்த வெள்ளி. அன்றைக்கு நகைக்கடைப் பலகையில் வெள்ளி கிராம் 125 ரூபாயை ஒட்டி இருந்தது. 31.1ஐ 125ஆல் பெருக்குங்கள். 3,887 ரூபாய் வருகிறது.

மூன்றாவது, விற்கிறவர் சொல்லும் விலை. 9,500.

முதல் விலைக்கும் இரண்டாவது விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் விற்றவர் காட்டியிருக்கிறார். "பாருங்க, நூறு ரூபா காசுக்குள்ள நாலாயிரம் ரூபா வெள்ளி இருக்கு, எப்பேர்ப்பட்ட லாபம்" என்று. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நாம் கூடுதலாகக் கொடுத்த பணம் முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் போயிருக்கிறது.

இதைப் புரியவைக்க அடுத்த கூட்டத்தில் நாங்கள் பேசியதைவிட ஒரு பாட்டி செய்த காரியம் உதவியது. வீட்டில் மஞ்சள் துணியில் கட்டி வைத்திருந்த பழைய வெள்ளி ரூபாய் நாலைக் கொண்டுவந்தார். இரண்டு ராணித்தலை, மற்ற இரண்டும் ராஜா தலை. நம் பகுதியில் பழைய வீடுகளில் இன்னும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். வெள்ளைக்காரன் காலத்து ஒரு ரூபாய்க் காசின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. ஆகவே ஒரு ரூபாய்க்குள் 10.7 கிராம் சுத்த வெள்ளி. மூன்று பழைய ரூபாயைச் சேர்த்தால் 32 கிராம். ஆந்தைக் காசில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடவே!

"அப்ப எங்கிட்ட இருக்கிற மூணும் ஒங்க ஆந்தை ஒண்ணும் சரியாப் போச்சு. ஆனா நான் ஒத்தப் பைசா கூடக் குடுக்கலியே" என்றார் பாட்டி.

பழைய ரூபாய் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு தகவல். காசில் வருஷத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்ததால் 1940 முதல் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1947ல் வந்த ரூபாய் நிக்கல், அதில் வெள்ளியே கிடையாது. பாட்டியின் நாலில் ஒன்று 1944. மற்ற மூன்றும் நல்ல வெள்ளி. விற்கப் போகும்போது எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டு ஒரே விலை பேச விடாதீர்கள்.

நம் இந்திய அரசும் நினைவு நாணயம் வெளியிடுகிறது. தஞ்சாவூர் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த ஆயிரம் ரூபாய் நாணயம் 35 கிராம் எடை, நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு வந்த நூறு ரூபாய் நாணயத்தில் பாதி வெள்ளி. இவற்றையும் போட்டிருக்கும் மதிப்பைவிட அதிக விலைக்குத்தான் அரசு ஆலை விற்கிறது. ஆசைக்கு, ஞாபகத்துக்கு வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். அது தப்பில்லை. அதை முதலீடு என்று சொல்லி, ஆடு வாங்க எடுத்த கடனில் வாங்கவைப்பதுதான் தப்பு.

வெளிநாடுகளில் வெள்ளிக் காசில் இரண்டு ரகம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, வெள்ளியின் விலைக்கு மேல் கொஞ்சம் மட்டும் வைத்து விற்பது. வெள்ளியைச் சேர்த்து வைக்க நினைப்பவர்கள் அதை வாங்குவார்கள். கனடா, ஆஸ்திரேலியா நாட்டுக் காசுகளும் நியுவே ஆந்தையும் இந்த ரகத்தில் சேரும். இன்னொன்று, வர்ணம் பூசி, அழகான பெட்டியில், இத்தனை காசுதான் அடித்தோம் என்று எண் போட்ட சான்றிதழோடு வெள்ளி விலையைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்குக்கு விற்பது. சேகரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் வாங்குவது. நம் உறுப்பினருக்கு முதல் ரகக் காசை இரண்டாவது ரகத்தின் விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

தென்காசிக் கடையில் நடந்தது

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் கூட்டத்தில் நாங்கள் அவசரப்பட்டு, "இது போலிக் காசாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டோம். அந்த உறுப்பினர் அன்று இரவு தூங்கவே இல்லையாம். வீட்டுக்காரரிடமும் சொல்ல முடியவில்லை. படித்தவர்கள் என்று எங்களை நம்புகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் அவரையும் ஊக்குநரையும் கூட்டிக்கொண்டு தென்காசிக்குப் போனோம். முதல் கடையில் டப்பாவைத் திறந்து எடை போட்டார்கள். 31.1 கிராம் சரியாக இருந்தது. காந்தம் வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. (காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது. வெள்ளியும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது. செம்புக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தாலும் ஒட்டாமல்தான் இருக்கும்.) இரண்டாவது கடையில் சுத்தம் பார்க்கும் மிஷின் இருந்தது. எக்ஸ்ரே மாதிரி ஒளி பாய்ச்சி உலோகத்தைக் காட்டும். அதில் வைத்ததும் சுத்த வெள்ளி என்று வந்துவிட்டது.

உறுப்பினர் முகத்தில் உயிர் வந்தது. "பாத்தீங்களா, நல்ல காசுதான!"

"நல்ல காசுதாம்மா. நாங்க எடுத்துக்கிடுதோம். கிராமுக்கு 110 போட்டுத் தாறோம்" என்றார் கடைக்காரர். 3,421 ரூபாய்.

"ஆந்தை, ராணி, வெளிநாடு, அதுக்கெல்லாம்?"

"அதெல்லாம் உருக்குனா என்னம்மா இருக்கப் போவுது?"

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கிவிட்டது. நியுவே காசுக்கு ஆய்க்குடியிலோ தென்காசியிலோ வாங்குகிற ஆள் கிடையாது. வெள்ளியை வாங்குகிறவர்தான் இருக்கிறார். அவர் வெள்ளிக்குத்தான் விலை போடுவார், அதிலும் கழிவு எடுத்துக்கொண்டு. வங்கிகள் தங்கக் காசு விற்ற காலத்திலும் இதுதான் நடந்தது. விற்றார்கள், திரும்ப வாங்கவில்லை. "எப்ப வேணாலும் திருப்பி எடுத்துக்கிடுவோம்" என்று வாயால் சொன்னதை பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். நம் உறுப்பினரிடம் பில்லே இல்லை.

அதே நாள் அதே 9,500 ரூபாய்க்கு அந்தக் கடையில் சாதாரண வெள்ளி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டோம். கிராம் 125, அதற்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. 70 கிராம் வெள்ளிக்கு வரியோடு 9,012 ரூபாய். கூலிக்கு நாநூற்றுச் சொச்சம் மிச்சம் இருக்கிறது. 31 கிராம் இருக்கிற இடத்தில் 70 கிராம் இருந்திருக்கும்.

"ஆனா வெள்ளி ஏறிடுச்சே?" என்று அதன் பிறகு பலர் கேட்டார்கள். உண்மைதான். 2025ல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி, வருஷம் முடிவதற்குள் இரண்டு லட்சத்தையும் தாண்டியது. கிராம் 200 என்று வைத்தாலும் ஆந்தைக் காசு 6,220 ரூபாய். போட்ட பணம் வரவில்லை. 70 கிராம் வைத்திருந்தால் 14,000. விலை இனி ஏறினாலும் இறங்கினாலும் 31 கிராம் உள்ளவருக்கு 31 கிராமுக்குத்தான் கிடைக்கும். இறங்காது என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். 2011 ஏப்ரலில் வெள்ளி கிலோ 70,000 ரூபாயைத் தாண்டியபோது அவசர அவசரமாக வாங்கியவர்கள் இருந்தார்கள். 2015 கடைசியில் அது 35,000க்குக் கீழே கிடந்தது. மகள் கல்யாணத்துக்கு என்று வாங்கி, அந்த வருஷம் விற்க வேண்டி வந்தவர் பாடு என்ன ஆகியிருக்கும்? ஆகவே வட்டிக்குக் கடன் எடுத்து வெள்ளி வாங்குவதை நாங்கள் எந்தக் குழுவுக்கும் சொல்ல மாட்டோம். ஆடு குட்டி போடும், வெள்ளி குட்டி போடாது.

ஆள் சேர்க்கும் விஷயம்

காசைவிட எங்களுக்குப் பயமாக இருந்தது இதுதான். இரண்டு பேரைச் சேர்த்தால் 1,500 என்றார்கள் அல்லவா? அந்த 1,500 எங்கிருந்து வருகிறது? காசில் இருந்து அல்ல. அடுத்து வாங்குகிறவரின் 9,500ல் இருந்து. அதனால்தான் நாலாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அந்த விலை.

கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். முதலில் ஒருவர். அவருக்குக் கீழே 2. அவர்களுக்குக் கீழே 4. பிறகு 8, 16, 32. பதினைந்தாவது படியில் மட்டும் 16,384 பேர். மொத்தம் 32,767 பேர். ஆய்க்குடியில் கைக்குழந்தை வரை சேர்த்தாலும் அத்தனை பேர் இல்லை. நின்றுபோகும்போது கடைசிப் படியில் இருப்பவர்கள்தான் எண்ணிக்கையில் பாதிக்கு மேல். அவர்களுக்கு ஒரு பைசாக் கமிஷன் கிடையாது. நம்மை யார் சேர்க்கிறார்கள்? சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், குழுக்காரர். நாம் யாரைச் சேர்ப்போம்? அதே ஆட்களைத்தான். பணம் போவதோடு முகத்தைப் பார்த்துப் பேச முடியாத நிலையும் வந்து சேரும். ஒரு குழு உடைய இது போதும்.

இது புது வித்தை இல்லை. கோல்ட் குவெஸ்ட் என்ற நிறுவனம் நினைவுத் தங்க, வெள்ளி நாணயங்களை இதே மாதிரி ஆள் மூலம் ஆள் என்ற முறையில் விற்றது. அதன் மேல் 2003ல் சென்னையில் போலீஸ் வழக்குப் பதிவானது. பிறகு புகார் கொடுத்தவர்களோடு சமரசம் ஆகி, 2014ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. ஆக குற்றம் நிரூபணமானது என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் பாருங்கள், பதினோரு வருஷம். நம்மால் கோர்ட்டுக்கு அத்தனை வருஷம் அலைய முடியுமா? இலங்கையில் இந்த மாதிரிப் பிரமிட் வியாபாரங்கள் பரவியபோது 2005ல் வங்கிச் சட்டத்தையே திருத்தித் தடை செய்தார்கள்.

நம் நாட்டில் 1978லேயே பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது. இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, நடத்துகிறவருக்கு மட்டும் தண்டனை இல்லை. உறுப்பினராகச் சேருவதும் பங்கெடுப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம்தான். 2021 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த நேரடி விற்பனை விதிகளிலும் பிரமிட் திட்டத்துக்குத் தடை இருக்கிறது. "எனக்கு ஒண்ணும் தெரியாது, அக்கா சொன்னாங்க, சேந்தேன், நாலு பேரச் சேத்தேன்" என்பது போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது. யாராவது ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். கூப்பிடப் பயமாக இருந்தால் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் போன் போட்டுத் தருகிறோம்.

வெள்ளி வாங்கத்தான் வேண்டும் என்றால்

நம் வீடுகளில் வெள்ளி இல்லாமல் முடியாது. பிள்ளைக்கு அரைஞாண், பெண்ணுக்குக் கொலுசு, மெட்டி, நேர்த்திக்கடன் இருந்தால் ஆய்க்குடி முருகனுக்கு ஒரு சின்ன வேல். வாங்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில்லில் எடை, சுத்தம், கூலி மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். வெள்ளிக்கும் ஹால்மார்க் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. தங்கத்தைப் போலக் கட்டாயம் இல்லை, கடைக்காரர் விருப்பம். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி ஹால்மார்க்கிலும் ஆறு எழுத்து, எண் கொண்ட அடையாளம் போட ஆரம்பித்திருக்கிறார்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அதைத் தட்டிப் பார்த்தால் பொருளின் சுத்தம் தெரியும். வெளிநாட்டுக் காசில் இந்த முத்திரை இருக்காது.

அடகு பற்றியும் கேட்டீர்கள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி தங்கம், வெள்ளி அடகுக் கடனுக்குப் புது விதிகள் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1க்குள் எல்லா வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதற்கு மாற வேண்டும் என்று தேதியும் குறித்தது. அதன்படி ஒருவர் 10 கிலோ வரை வெள்ளி நகையும், 500 கிராம் வரை வெள்ளி நாணயமும் ஈடு வைக்கலாம். கட்டி வெள்ளி கூடாது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு, பொருளின் மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். இந்த மதிப்பு உள்ளே இருக்கும் உலோகத்துக்குத்தான், ஆந்தைக்கு இல்லை, கூலிக்கும் இல்லை. எந்த வங்கியும் கட்டாயம் தந்தாக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. நியுவே காசைக் கொண்டுபோனால் மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பு அதிகம்.

கடைசியில் அந்த உறுப்பினர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். விற்கவில்லை. 3,421க்குக் கொடுக்க மனசு வரவில்லை. உறவுக்காரப் பெண்ணிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அந்தப் பெண்ணும் இன்னொருவருக்குக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள். குழுவில் அவரை யாரும் கடிந்து பேசவில்லை. ஆடு வாங்கவில்லை என்பதற்காக அபராதம் போட வேண்டும் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மாதம் 950 ரூபாயும் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியும் என்று பத்துத் தவணையாகக் கட்டுவதாக முடிவானது. மற்ற மூன்று பேரின் மனுவையும் அவர்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைய தீர்மானப் புத்தகத்தில் ஊக்குநர் எழுதிய வரி இது: "ஆள் சேர்க்கும் திட்டத்தில் பொருள் வாங்க உள்கடன் கொடுப்பதில்லை. தங்கமோ வெள்ளியோ, உறுப்பினர் வாங்கும் முன் குழுவில் சொல்லி எடையும் விலையும் பெருக்கிப் பார்ப்பது." கீழே பதினாறு கையெழுத்து. பாட்டி மட்டும் கைநாட்டு.

ஆந்தை இப்போது அவர் வீட்டு அரிசிப் பானைக்குள் இருக்கிறது. பேரன் கேட்டால் எடுத்துக் காட்டுகிறாராம்.